கோச் மீன்

பிப்ரவரி 2, ஞாயிறு

மூன்று கோல் வாங்கினோம், ஒன்றும் போடவில்லை. அதுவும் பக்கத்து ஊர்க்காரனிடம்.

தோற்றதுகூடப் பெரிதில்லை. தோற்ற அன்று சாயங்காலம் எங்கள் அடுக்களை ஜன்னலுக்கு நேரே இருக்கிற கடல் தடுப்புச் சுவரில் வந்து ஆட்கள் உட்கார்ந்து விடுகிறார்கள், அதுதான் எனக்குத் தொந்தரவு. ஊரில் சுவருக்கா பஞ்சம்? கரை நீளத்துக்கும் கட்டிப் போட்டிருக்கிறது. கோச்சைத் திட்டுவதற்கு கோச் வீட்டு ஜன்னலடிதான் கிடைத்ததா? கேட்டால் இங்கேதான் காற்று நன்றாக வருகிறது என்பார்கள்.

கோச் என்பது என் வீட்டுக்காரர் லூக்காஸ். மின்வாரியத்தில் வேலை பார்த்தவர், வாரிய அணிக்காக ஆடியவர். எங்கள் ஊர் ஸீ ஸ்டார் கிளப்புக்கு இத்தனை வருடமாக அவர்தான் பயிற்சி கொடுக்கிறார். மகள் மஸ்கட்டில் நர்ஸ். நான் அங்கன்வாடி டீச்சர், காலையில் போனால் மதியம் வருவேன். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். மனதில் கிடப்பதைச் சொல்ல ஆளில்லாததால் கூட்டுறவு வங்கியில் கொடுத்த இந்த டைரியில் எழுதுகிறேன். வங்கிக்காரர்கள் இதற்காகக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

சுவரில் இன்று பனிதாஸ் குரல்தான் ஓங்கி இருந்தது. சொந்தமாக மீன்பிடி வள்ளம் வைத்திருக்கிறான், கிளப் செயலாளர் வேறு. சின்ன வயதில் இவரிடம் பந்து உதைக்கப் படித்தவன்.

"சார் நல்ல ஆளுதான். நான் இல்லன்னு சொல்லல்ல. ஆனா இனி வேற ஆளு பாக்கணும்."

நான் மிளகாய் வற்றலை எண்ணெயில் போட்டு ஜன்னலை நன்றாகத் திறந்து விட்டேன். இருமிக்கொண்டே எழுந்து போனார்கள்.

பிப்ரவரி 5, புதன்

அங்கன்வாடிக்கு முட்டை வந்தது. இவர் வீட்டுச் சாவியை அரிசிப் பானைக்குள் வைத்திருந்தார். யாருக்குத்தான் மறதி இல்லை.

பிப்ரவரி 8, சனி

வாசலில் இரண்டே மீன்.

எங்கள் ஊரில் கோச்சுக்குச் சம்பளம் கிடையாது. சனிக்கிழமை விடியற்காலையில் கரையேறுகிற ஒவ்வொரு வள்ளத்திலிருந்தும் ஒரு மீன் கோச் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். கோச் மீன் என்று அதற்குப் பெயர். யாரும் கதவைத் தட்டி 'இந்தாருங்கள்' என்று கொடுப்பதில்லை. வாசலில் ஒரு பனையோலைப் பெட்டி கிடக்கும், போகிற போக்கில் போட்டுவிட்டுப் போவார்கள். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை, பூசையும் பந்தும்தான்.

கோச் வேண்டாம் என்றால் அதையும் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. மீன் நின்றுவிடும். இவருக்கு முன்னால் இருந்தவர் இரண்டு சனிக்கிழமை வெறும் பெட்டியைப் பார்த்தார். மறுநாள் விசிலைக் கொண்டு போய் கிளப் மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டார். ஒரு சண்டையில்லை, ஒரு சொல்லில்லை. இன்றைக்கும் கோவில் திருவிழாவில் அவருக்கு முதல் வரிசையில் நாற்காலி போடுகிறார்கள்.

நல்ல வழக்கம்தான், அடுத்தவர் வீட்டு வாசலில் நடக்கும்வரை.

பிப்ரவரி 9, ஞாயிறு

மைதானத்துக்கு நான் போவதில்லை. நடந்ததைச் சுவர்தான் சொன்னது.

இடைவேளை முடிந்து இவர் நேராகப் போய் எதிரணியின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். ஆட்டம் முடியும்வரை எழுந்திருக்கவில்லை. அவர்கள் கோல் போட்டபோது கைதட்டினாராம். சுவரில் ஒரே சிரிப்பு. பாதிப் பேர் இதை நம் பையன்களுக்கு ரோஷம் வரச் செய்த தந்திரம் என்றார்கள், பாதிப் பேர் திமிர் என்றார்கள்.

சாப்பிடும்போது கேட்டேன். "அங்க நெழல் இருந்துது," என்றார்.

நிழல் இருந்திருக்கும். அந்தப் பக்கம் புன்னைமரம் உண்டு.

பிப்ரவரி 12, புதன்

நாகர்கோவிலுக்குக் கூட்டிப் போனேன். சர்க்கரை பார்க்க என்று சொல்லித்தான் பஸ் ஏற்றினேன்.

டாக்டர் சின்னப் பெண், மரியாதையாகப் பேசினாள். ஒரு தாளைக் கொடுத்து கடிகாரம் வரையச் சொன்னாள். இவர் வட்டத்தை நன்றாகவே போட்டார். அப்புறம் வட்டத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்து, "இது மைதானத்துக்க நடுக்கோடு," என்றார். நான் சிரித்தேன். டாக்டர் சிரிக்கவில்லை.

இவரை வெளியே உட்கார வைத்துவிட்டு என்னிடம் பேசினாள். மாத்திரை இருக்கிறதாம், தள்ளிப் போடுமே தவிர நிறுத்தாதாம். பழகிய வேலைகளைச் செய்ய விடுங்கள், அதுதான் அவரைப் பிடித்து நிறுத்தும் என்றாள். நோயின் பெயரைச் சீட்டில் எழுதியிருக்கிறாள். நான் இதில் எழுதப் போவதில்லை.

ஊருக்கு இது தெரிய வேண்டாம். தோற்கிற கோச் என்று பேசினால் பேசட்டும், தோற்காத கோச் எங்கே இருக்கிறான்? மற்றப் பேச்சு வந்தால் இவர் தெருவில் நடக்கும்போது பார்க்கிற பார்வையே மாறிவிடும். பரிதாபப்பட்டே ஆளைக் கொன்றுவிடுவார்கள். இவர் பெயர் கெடாமல் இருக்கிற நாள்வரை இருக்கட்டும், எனக்கு அது போதும்.

பிப்ரவரி 15, சனி

வாசலில் மீன் இல்லை. பெட்டியைத் தூக்கிக் குலுக்கிக்கூடப் பார்த்தேன்.

இவர் எழுந்திருக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய் வந்தேன்.

இவர் கதவைத் திறந்தபோது பெட்டியில் பாரை மீன் நிறையக் கிடந்தது. "பயக்க மறக்கல்ல, பாத்தியா," என்றார். குழம்பு வைத்தேன். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஒன்றுக்கு ஒன்று. தோற்கவில்லை என்பதால் சுவர் இன்னும் அதிகக் கோபமாக இருந்தது. அடுத்த கோச் யார் என்று பட்டிமன்றமே நடந்தது.

"ரெக்ஸன் போதும்லே," என்றான் ஷாபு. கையில் எப்போதும் போன், வெளிநாட்டு ஆட்டம் ஒன்று விடாமல் பார்க்கிறவன். "மாநில அளவுல ஆடின ஆளு. புது மாதிரி ஆட்டம் தெரியும்."

"அவனுக்க கால் முட்டுதான் போச்சுன்னு பாத்தா வாயும் இல்ல," என்றான் பனிதாஸ். "பயக்கள ஒரு வார்த்தை அதட்ட மாட்டான். நான் சொல்லுகது கிளீட்டஸ் மாஸ்டர."

"அவரு பக்கத்து ஊரு இல்லியா?"

"அதுக்கென்ன? நம்மள எப்படித் தோக்கடிக்கணும்னு அவருக்குத் தெரியும்."

"அது நமக்கே தெரியுமே."

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டு இருட்டில் நின்று கேட்டேன். ஒருவன் திருவனந்தபுரத்திலிருந்து மலையாளத்து ஆளைக் கொண்டுவரலாம் என்றான். அவனுக்குச் சனிக்கிழமை மீனை பஸ்ஸிலா ஏற்றி அனுப்புவாய் என்று மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

"வெளிநாட்டுல எல்லாம் தோத்த மறுநாளே ஆள மாத்திருவான்," என்றான் ஷாபு.

"நம்மளும் மாத்தியாச்சே. மீன நிறுத்தியாச்சு இல்லியா? இனி சாருக்கே புரியும்," என்றான் பனிதாஸ்.

ஜன்னலைச் சாத்தினேன். இவர் உள்ளறையில் பையன்களின் காலுறைகளை மடித்துக்கொண்டிருந்தார். ஜோடி ஒன்றுகூடச் சேரவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

காலைப் பயிற்சியை வேலியோரம் நின்று பார்த்தேன். விசிலை வாயில் வைத்ததும் மனிதர் பழைய ஆளாகிவிடுகிறார். ஒரு பையனின் காலைப் பிடித்து எந்தப் பக்கத்தால் உதைக்க வேண்டும் என்று காட்டினார். அந்த நேரத்தில் அவருக்கு எந்தக் குறையும் இல்லை. வீட்டுக்குத் திரும்பும்போதுதான் எங்கள் தெருவைத் தாண்டி நடந்து போய்விட்டார்.

அந்த விசிலை எப்படி வாங்குவது?

பிப்ரவரி 22, சனி

இன்று மூன்று பேரிடம் மூன்று வகையாக வாங்கினேன். போன வாரம் வெறும் பாரையாக வாங்கியது மடத்தனம், எல்லா வள்ளத்துக்கும் ஒரே மீனா கிடைக்கும்? சீலா, அயலை, கொஞ்சம் சாளை.

எர்மலின் மீனைப் பையில் போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "அயலைய அடியில போடுங்க டீச்சர். சாளை நசுங்கீரும்."

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. மீன் விற்கிற பெண்களுக்குத் தெரிந்தால் கரைக்கே தெரியும். திரும்பி வரும்போது யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, எல்லோரும் வலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெட்கமாக இருந்தது.

பிப்ரவரி 23, ஞாயிறு

தோல்வி. அடுப்பு கேஸும் தீர்ந்தது.

பிப்ரவரி 28, வெள்ளி

மகள் போனில் கூப்பிட்டாள். அப்பா எப்படி என்றாள். பந்து, பந்து, பந்து என்றேன். சிரித்தாள். இவரிடம் கொடுத்தேன். நன்றாகப் பேசிவிட்டு வைத்தார், அப்புறம் "யாரு பேசினது?" என்று கேட்டார்.

மார்ச் 2, ஞாயிறு

பூசை முடிந்ததும் படிப்பகத்தில் கிளப் கூட்டம். இத்தனை வருடத்தில் கோச்சுக்காகக் கூட்டம் போட்டதே இல்லை. மீன் நின்றும் விசில் மேஜைக்கு வராததால் கூட்டினார்கள். பெண்கள் வாசலில் நிற்கலாம். நான் நின்றேன்.

பனிதாஸ் சுற்றிச் சுற்றிப் பேசினான். புது ரத்தம் என்றான், காலத்துக்கு ஏற்ற மாதிரி என்றான். கடைசியில், "ஊருக்க மனசு சாருக்குத் தெரியும்னு நெனைக்கேன்," என்று முடித்தான்.

இவர் எழுந்தார். சலவைச் சட்டை, நான் இஸ்திரி போட்டுக் கொடுத்தது.

"தெரியும் மக்கா. அதனாலதான் நிக்கேன். தோத்தோம், சரிதான். எனக்கே வெக்கமாத்தான் இருக்கு. ஆனா நீங்க ஒரு வாரம்கூட மீன நிறுத்தல்ல. நேத்தும் பெட்டி நெறஞ்சு கெடந்துது. நீங்க நிறுத்தியிருந்தா நான் அன்னைக்கே போயிருப்பேன். இவ்வளவு தோத்த பொறவும் தாறீங்க பாத்தீங்களா, அத விட்டுட்டு நான் எப்படிப் போவேன்?"

கை எடுத்துக் கும்பிட்டார். வள்ளக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அப்புறம் ஒவ்வொரு தலையாகத் திரும்பி வாசலைப் பார்த்தது, என்னை. ஷாபுகூடப் போனைக் கீழே வைத்துவிட்டான்.

பூமி பிளந்து உள்ளே போனால் தேவலை என்பார்களே, அதை இன்று அறிந்தேன். "சரி, பொறவு பாப்போம்," என்று பனிதாஸ் கூட்டத்தைக் கலைத்தான்.

சாயங்காலம் சுவரில் ஒருவரும் இல்லை. திட்டினாலும் பரவாயில்லை, வந்து உட்காரட்டும் என்று இருந்தது.

மார்ச் 4, செவ்வாய்

பனிதாஸ் அங்கன்வாடிக்கு வந்தான். குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய குட்டி நாற்காலி ஒன்றில் முட்டியை மடக்கி உட்கார்ந்தான்.

"டீச்சர், ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்கக் கூடாது."

"சொல்லு."

"நீங்க மீன் வாங்குகது ஊருக்கே தெரியும். வாங்குங்க, அது உங்க இஷ்டம். ஆனா சார் அத வச்சு கூட்டத்துல நின்னு எங்களையே மடக்குவாருன்னு நெனைக்கல்ல. பயக்க என்ன சொல்லுகானுவ தெரியுமா? பதவி ஆசையில புருசனும் பெண்டாட்டியுமா சேந்து நாடகம் போடுகாங்கன்னு சொல்லுகானுவ. எனக்குக் கேக்கப் பொறுக்கல்ல. சாரு இப்படிப்பட்ட ஆளா டீச்சர்?"

எது வரக்கூடாது என்று நான் கரைக்கும் வீட்டுக்கும் நடந்தேனோ, அதைவிடக் கேவலமான ஒன்றை என் கையாலேயே அவர் பெயரில் பூசியிருக்கிறேன். மீன் நின்றபோது நான் சும்மா இருந்திருந்தால் மரியாதையாக வெளியே வந்திருப்பார். இப்போது ஏமாற்றுக்காரன், இல்லையென்றால் நோயாளி. இரண்டில் ஒன்றை நான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சொல்லிவிட்டேன். அந்தப் பெயரையும் சொன்னேன். சாவி, பெஞ்சு, கடிகாரம் எல்லாம் சொன்னேன். மீன் வாங்குவது அவருக்குத் தெரியவே தெரியாது என்பதை மட்டும் மூன்று நான்கு தடவை சொன்னேன்.

"அன்னைக்கு அந்தப் பெஞ்சில இருந்தாரே, நான்தான் மொதல்ல சிரிச்சேன்," என்றான் பனிதாஸ்.

கிளம்பும்போது கதவருகே நின்றான். "நாங்க யாரும் அவருகிட்ட சொல்ல முடியாது டீச்சர். நீங்க வாங்காம இருந்தா போதும். வழக்கப்படி அவரே புரிஞ்சுகிடுவாரு."

ஊரே கூடி யார் வர வேண்டும், யார் போக வேண்டும் என்று ஒரு மாதம் கத்தினார்கள். கடைசியில் கோச்சை நீக்குகிற வேலை எனக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

மார்ச் 5, புதன்

சாம்பல் புதன், நோன்பு. இரண்டு பேரும் கஞ்சி.

மார்ச் 8, சனி

வாங்கவில்லை. படுக்கையிலேயே கிடந்து கதவு திறக்கிற சத்தத்தைக் கேட்டேன்.

அப்புறம், "செலின், கடல் மோசமோ?" என்றார்.

நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.

"ஒரு வள்ளம்கூடப் போகல்ல போலிருக்கு. காத்து ஒண்ணும் காணல்லியே. நான் போய்ப் பாத்துட்டு வாறேன். பயக்களுக்கு என்ன ஆச்சோ."

வேண்டாம் என்று சொல்ல எழுந்தேன். அதற்குள் செருப்பு மாட்டிவிட்டார். போனால் என்ன பார்ப்பார் என்று எனக்குத் தெரியும். எல்லா வள்ளமும் கரையில் நிற்கும், மணலில் மீன் குவிந்து கிடக்கும். அவர் பின்னால் போகவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

திரும்பி வந்தவர் அடுக்களைக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன்.

"எல்லாரும் வந்திருக்கான். நல்ல மீன்," என்றார். தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுக் கேட்டார். "அடுத்தது யாரு?"

"ரெக்ஸன்னு சொல்லுகாங்க. கிளீட்டஸ் மாஸ்டர்னும் சொல்லுகாங்க."

"ரெக்ஸன் நல்ல பய. ஆனா கூச்சம். தோத்தா பயக்க முகத்தப் பாக்க மாட்டான், தரையப் பாப்பான். கிளீட்டஸ் கறார். பின்னால ஆளு நிறுத்தாம மேல ஏற விட மாட்டான். நமக்கு இப்ப அதுதான் வேணும்." நன்றாக, தெளிவாகப் பேசினார். சுவரில் ஒரு மாதமாகக் கேட்ட பேச்சில் இவ்வளவு நியாயமான பேச்சு ஒன்றுகூட இல்லை. பிறகு என்னைப் பார்த்து, "நீ யாருக்கு?" என்றார்.

இத்தனை வருடத்தில் பந்து விஷயத்தில் என்னை யாரும் எதுவும் கேட்டதில்லை.

"நான் உங்களுக்கு," என்றேன்.

"அது சரி. அடுத்ததக் கேக்கேன்."

"கிளீட்டஸ் மாஸ்டர்."

"எனக்கும் அவன்தான்," என்று விசிலைக் கழுத்திலிருந்து கழற்றி என் கையில் கொடுத்தார். நான் அழுதேன். அவர் அழவில்லை, என் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார். மதியத்துக்கு முன் பனிதாஸிடம் விசிலைக் கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். மரியாதையாகத்தான் முடிந்தது. கர்த்தருக்கு நன்றி என்று எழுதி இன்றைய பக்கத்தை மூடுகிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

பூசையிலிருந்து வந்ததும் பீரோவைக் கலைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"விசில் எங்க? நேரமாச்சு, பயக்க காத்திருப்பானுவ."

முதலில் இருந்து சொன்னேன். மீன் வரவில்லை, விசில் கொடுத்தாயிற்று என்று. முகம் நேற்றுக் காலையில் எப்படிப் போனதோ அப்படியே மறுபடி போனது. தண்ணீர் கேட்டார். குடித்தார். "அடுத்தது யாரு?" என்றார். ரெக்ஸன் கூச்சம், கிளீட்டஸ் கறார் என்றார். "நீ யாருக்கு?" என்றார்.

ஒரு மனிதனை வேலையிலிருந்து எத்தனை தடவை நீக்க முடியும்?

கிளீட்டஸ் மாஸ்டரின் முதல் ஆட்டம் தோல்வி. சாயங்காலம் சுவர் நிறைந்திருந்தது. ரெக்ஸனைப் போட்டிருக்கலாம் என்று ஷாபு ஆரம்பித்தான். இவர் ஜன்னலருகே வந்து நின்று கேட்டார். "யாரத் திட்டுகானுவ?" என்றார். புது கோச்சை என்றேன். "பாவம்," என்றார்.

மார்ச் 12, புதன்

மூன்று நாளும் காலையில் அதே. இன்று நான் பொறுமை இழந்து, "ரெக்ஸனுக்கு," என்று சொல்லிப் பார்த்தேன். என்னைத் திருத்தப் பொறுமையாக அரை மணி நேரம் பேசினார்.

மார்ச் 15, சனி

விடியுமுன் வாசலில் சத்தம் கேட்டு வெளியே வந்தேன். பனிதாஸ். கையில் கை நீளத்துக்கு ஒரு சீலா. பெட்டிக்கு மேல் குனிந்து கொண்டிருந்தான்.

"போடாத," என்றேன்.

"கோச் மீன் இல்ல டீச்சர். சும்மா, வீட்டுக்கு. எல்லா வள்ளத்துலயும் பேசியாச்சு. சாருக்கு உயிருள்ள காலம் வரைக்கும் சனிக்கிழமை மீன் வரும். யாரும் இல்லன்னு சொல்லல்ல."

ஒரு மாதத்துக்கு முன் இந்த மீன் வந்திருந்தால் அவன் காலில் விழுந்திருப்பேன்.

"வேற நாளு கொண்டுவா பனி. சனிக்கிழம வேண்டாம். இந்தப் பெட்டியில மீனப் பாத்தா அவரு நாளைக்கு மைதானத்துக்கு வந்து நிப்பாரு. அங்க வச்சு அவர யாரு திருப்பி அனுப்புவா? நீ அனுப்புவியா?"

அவன் மீனைப் பிடித்தபடி அப்படியே நின்றான். உள்ளே கட்டில் அசைகிற சத்தம் கேட்டது. "போ, போ," என்று நாயை விரட்டுவது போல் விரட்டினேன். அவன் திரும்பி நடக்கவும் கதவு திறக்கவும் சரியாக இருந்தது.

இவர் பெட்டியைப் பார்த்தார். "கடல் மோசமோ?" என்றார்.

"ஆமா. காத்து ஜாஸ்தி. யாரும் போகல்ல."

தலையாட்டினார். தெருவில் போகிற முதுகை அடையாளம் கண்டுகொண்டார். "லேய் பனி," என்று கூப்பிட்டார். "காத்தோ மழையோ, நாளைக்கு நேரத்துக்கு எல்லாரும் மைதானத்துல இருக்கணும். பயக்ககிட்ட சொல்லீரு."

பனிதாஸ் நின்றான். மீனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்ததால் திரும்பவில்லை.

"சொல்லுகேன் சார்," என்றான்.